ரப்பர் செயின் லோடரில் முதன்முதலாக அமர்வோருக்கு

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் ‘பாப்கேட்’ என்று யாராவது சொன்னால், அது எந்த நிறுவனம் செய்த இயந்திரமாக இருந்தாலும், நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பும் அந்தச் சிறிய லோடரைத்தான் குறிக்கும். நான் பல ஆண்டுகள் நான்கு சக்கரம் பூட்டிய பாப்கேட்டை ஓட்டிவிட்டுப் பிறகு, சக்கரத்துக்குப் பதிலாகத் தரையில் பட்டையாக ஓடும் ரப்பர் செயின் பூட்டிய புதிய வகைக்கு மாறியவன். இப்போது டிராக்டரிலிருந்தும் பெக்கோ என்னும் மண்தோண்டும் இயந்திரத்திலிருந்தும் இளைஞர்கள் நேராக இந்தப் புதிய இயந்திரத்தில் வந்து அமர்கிறார்கள். இதன் கைப்பிடிகள் அவ்வளவு இலகுவாக இருப்பதால், ஒரே காலையில் ஓட்டத் தெரிந்துவிட்டதாக அவர்களுக்குத் தோன்றிவிடுகிறது. உண்மையில் கற்க வேண்டியதில் பெரும்பகுதி கைப்பிடியில் இல்லை. இருக்கைக்குக் கீழே, மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் செயினில் இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் செயினைப் பற்றியே அதிகம் எழுதியிருக்கிறேன்.

இயந்திரம் எப்படித் திரும்புகிறது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 1957-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், வான்கோழிப் பண்ணை ஒன்றின் கொட்டகையைக் கூட்டி அள்ளுவதற்காகக் கெல்லர் சகோதரர்கள் செய்துகொடுத்த சிறிய மூன்று சக்கர லோடரிலிருந்துதான் இந்த வம்சம் தொடங்குகிறது. பின்னர் வந்த நான்கு சக்கர வகையில், ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் ஓட, வண்டி தரையை இழுத்துத் தேய்த்துக்கொண்டே திரும்பும். 1986-இல் ஜப்பானின் தக்கேயுச்சி நிறுவனம் செயின் பூட்டிய சிறிய லோடரைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோதும், அதன் பிறகு மற்ற நிறுவனங்கள் அவ்வழியில் வந்தபோதும், இந்தத் தேய்த்துத் திரும்பும் முறை மாறவில்லை. நீங்கள் திரும்பும் ஒவ்வொரு முறையும் செயினின் ரப்பர் மண்ணோடு உராய்ந்து சிறிது கரைகிறது. திருப்பங்களைக் குறைப்பதும் அகலமாக்குவதும் இந்த வேலையின் பாதித் திறமை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

உரிமம்

சாலைப் போக்குவரத்துத் துறையின் உரிம வகைகளில், செயின் பூட்டிய இலகு இயந்திரத்துக்கு ஜி வகையும் கனரக இயந்திரத்துக்கு ஐ வகையும் உள்ளன. இரண்டையும் பிரிக்கும் கோடு 5,000 கிலோகிராம். நம் வட்டாரத்தில் காணப்படும் ரப்பர் செயின் லோடர்களில் பல நான்கு டன் முதல் ஐந்தரை டன் வரை எடையுள்ளவை என்பதால், ஒரே தோற்றமுள்ள இரண்டு இயந்திரங்களுக்கு இரண்டு வெவ்வேறு உரிமங்கள் தேவைப்படலாம். இயந்திரத்தின் உடலில் பொருத்திய தகட்டில் உள்ள எடையைப் பார்த்துவிட்டே, உங்களை வேலைக்கு அமர்த்தும் குத்தகையாளரிடம் ஒப்புக்கொள்ளுங்கள். டிராக்டர் ஓட்டும் எஃப் உரிமம் சக்கர வண்டிக்கானது. அது இதற்குச் செல்லாது. தோட்ட வேலையோடு வீடமைப்பு அல்லது சாலைக் கட்டுமான இடத்துக்கும் போவதாக இருந்தால், கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யின் பச்சை அட்டையையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரட்டு முடிந்ததும் செய்ய வேண்டியவை

காலைப் பெரட்டு, அதாவது ஆட்கணக்கெடுப்பு, முடிந்து மேற்பார்வையாளரான மண்டோர் வேலையைப் பிரித்துக்கொடுத்ததும், இருக்கையில் ஏறாமல் இயந்திரத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். எஞ்சின் எண்ணெய், குளிர்விக்கும் நீர், ஹைட்ராலிக் எண்ணெய் ஆகிய மூன்றையும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். டீசல் வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தேங்கிய நீரை வடிக்க வேண்டும். நம் நாட்டில் விற்கப்படும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்திருக்கிறது. அது சாதாரண டீசலைவிடக் கூடுதலாக ஈரத்தை வாங்கிக்கொள்ளும் இயல்புடையது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில், பாதி காலியான தொட்டியோடு இரவெல்லாம் நிற்கும் இயந்திரத்தில் காலையில் நீர் சேர்ந்திருப்பது இயல்பே. மாலையில் தொட்டியை நிரப்பி நிறுத்தினால் இது பெருமளவு குறையும்.

அடுத்து ரேடியேட்டர். காய்ந்த மட்டைத் துகளும், ஆலையில் பழம் எடுத்த பின் எஞ்சும் வெறுங்குலையின் நாரும் அதன் இடுக்குகளில் போய்ப் பஞ்சுபோல் அடைத்துக்கொள்ளும். பின்கதவைத் திறந்து கைவிளக்கை ஒரு பக்கமிருந்து அடித்து, மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாத இடம் அடைபட்ட இடம். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது காற்று உள்ளே புகுந்த திசைக்கு எதிர்த்திசையிலிருந்து அடிக்க வேண்டும், இல்லையென்றால் குப்பையை இன்னும் ஆழமாகத் தள்ளிவிடுவீர்கள். புதிய மாடல்கள் சிலவற்றில் விசிறியைப் பின்னோக்கிச் சுழற்றிக் குப்பையை வெளியே தள்ளும் வசதி உண்டு. வெறுங்குலை பரப்பும் வேலையில் அது மிகவும் உதவுகிறது, ஆனால் ஈரமாக ஒட்டிய நாரை அது அகற்றுவதில்லை.

பிறகு குனிந்து செயினைப் பாருங்கள். இரு கைவிரல்களையும் செயினின் வெளிவிளிம்பில் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால், கண்ணுக்குத் தெரியாத வெட்டு விரலுக்குத் தெரியும். ரப்பருக்குள் எஃகுக் கம்பிகள் ஓடுகின்றன. வெளி ரப்பர் கிழிந்து கம்பி வெளியே தெரிந்தால் நீர் உள்ளே புகுந்து துருவேற்றும். பொட்டாஷ் உரம் அள்ளிய நாளில் இந்தத் துரு இன்னும் வேகமாகப் பரவும், ஏனென்றால் அது உப்பு. உரக் கிடங்கில் வேலை செய்த மாலையில் செயினையும் கீழ்ச்சட்டத்தையும் நல்ல நீரில் கழுவாமல் நான் வீட்டுக்குப் போவதில்லை.

செயினின் இறுக்கம்

புதிய இயந்திரத்தின் தொடுதிரையில் எஞ்சின் சூடும் எண்ணெய் அழுத்தமும் டீசல் அளவும் அடுத்த சர்வீசுக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதும் தெரிகின்றன. செயின் தளர்ந்திருக்கிறதா என்பது நான் ஓட்டிய எந்த இயந்திரத்தின் திரையிலும் தெரிந்ததில்லை. அதை அளந்துதான் அறிய முடியும், எனவே ஒவ்வொரு புதியவரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டிய வேலை இதுவே.

சமமான, கெட்டியான தரையில் இயந்திரத்தை நிறுத்தி, செயினில் ஒட்டிய மண்ணை முழுவதும் அகற்றுங்கள். மண் ஒட்டியிருந்தால் செயின் இறுக்கமாக இருப்பதுபோல் பொய்யாகத் தோன்றும். பிறகு இயந்திரத்தின் கையேடு சொல்லும் முறையில் அதைத் தரையிலிருந்து தூக்கிக் கனமான கட்டைகளை அடியில் வைத்து, அவற்றின் மேல் அமர்த்த வேண்டும். தூக்கிய பக்கெட்டை மட்டும் நம்பி எவரும் அடியில் கைவிடக் கூடாது. எஞ்சினை நிறுத்திய பின், நடு ரோலருக்குக் கீழே செயின் எவ்வளவு தொங்குகிறது என்று அளவுகோலால் அளக்க வேண்டும். பல மாடல்களில் இந்தத் தொங்கல் ஒரு சென்டிமீட்டரிலிருந்து மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் இயந்திரத்துக்கான எண் அதன் கையேட்டில் இருக்கிறது, அந்த எண்ணையே பின்பற்றுங்கள். தளர்ந்திருந்தால் கீழ்ச்சட்டத்தின் பக்கத்திலுள்ள சிறு மூடியைத் திறந்து கிரீஸ் கன்னால் கிரீஸ் ஏற்றினால், முன்சக்கரம் வெளியே தள்ளப்பட்டுச் செயின் இறுகும். இறுக்கம் அதிகமானால் வால்வைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக் கிரீஸை வெளியேற்ற வேண்டும். அந்தக் கிரீஸ் மிக உயர்ந்த அழுத்தத்தில் இருப்பது. வால்வுக்கு நேர் எதிரே முகத்தையோ கையையோ வைக்கவே கூடாது, முழுவதுமாகக் கழற்றவும் கூடாது.

அதிக இறுக்கம் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி ஓட்டினால் இயக்கும் பற்சக்கரமும் ரோலர் பேரிங்குகளும் சீக்கிரம் தேய்வதோடு, எஞ்சினின் வலுவில் ஒரு பங்கு செயினை இழுப்பதிலேயே வீணாகிறது. தளர்வின் விளைவு என்ன என்பதை நான் அனுபவித்தே அறிந்தேன். ஒரு குத்தகையாளரிடம் வேலை செய்தபோது, அந்த இயந்திரத்தின் செயின் தொங்குவதை இருமுறை சொல்லியும், வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். நானும் அதை ஏற்று ஓட்டினேன். மதிய மழை ஓய்ந்த பிறகு கால்வாய் ஓரத்தில், சாய்ந்த தரையில் நின்று, வெட்டப்பட்ட செம்பனை அடிக்கட்டை ஒன்றின் மேல் ஒரு பக்கச் செயின் ஏறியிருந்த நேரத்தில், இடத்திலேயே சுழற்றித் திருப்பினேன். முன்சக்கரத்திலிருந்து செயின் உள்பக்கமாக நழுவி வெளியே வந்தது. அதை மறுபடியும் மாட்டுவதற்குள் இருட்டிவிட்டது. செயினின் உள்பக்கப் பற்களில் மூன்று கிழிந்திருந்தன. தளர்ந்த செயின், சரிவு, கட்டை, நின்ற இடத்திலேயே சுழற்றியது ஆகிய நான்கில் ஒன்று இல்லாமலிருந்தால்கூட அன்று அது கழன்றிருக்காது என்றே இன்றும் நம்புகிறேன்.

தரையைக் காலால் பாருங்கள்

இந்த இயந்திரத்தின் தரையழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.3 முதல் 0.4 கிலோகிராம் மட்டுமே. நடக்கும் மனிதன் ஒற்றைக் காலில் உடல் எடையைத் தாங்கும் நொடியில் அவன் பாதம் தரும் அழுத்தமும் ஏறக்குறைய இவ்வளவுதான்; சக்கரம் பூட்டிய பாப்கேட்டோ இதைப் போலப் பல மடங்கு அழுத்தும். வட சிலாங்கூரின் கரிச்சதுப்பு மண்ணிலும் களிமண்ணிலும் சக்கர வண்டி போக முடியாத நாளில் இது போவதற்குக் காரணம் இந்த எண்.

ஆனால் அந்த எண் காலியான இயந்திரம் சமதரையில் நிற்கும்போது கிடைக்கும் சராசரி. பக்கெட் நிறைய ஈரமண் அள்ளியதும் எடையில் பெரும்பகுதி முன் ரோலர்களின் மேல் சாய்ந்துவிடுகிறது. அங்கே அழுத்தம் சராசரியைவிட மிகவும் கூடிவிடும். ஆகவே புதிய செம்பனை நிரைக்குள் நுழையுமுன் இறங்கி நடந்து பாருங்கள். உங்கள் பூட்ஸ் கணுக்கால் வரை புதையும் இடத்தில், காலியாகப் போன இயந்திரம் சுமையோடு திரும்பி வராமல் போகலாம். சக்கர வண்டி ஆரம்பத்திலேயே வழுக்கி, இது போகக்கூடாத இடம் என்று எச்சரித்துவிடும். செயின் வண்டி எச்சரிக்காமல் நெடுந்தூரம் உள்ளே அழைத்துச் சென்று, வயிறு மண்ணில் படிந்த பிறகே நிற்கும். அதை வெளியே எடுக்கப் பெரிய எக்ஸ்கவேட்டர் வர வேண்டியிருக்கும்.

கைப்பிடிகளும் முதல் நாள் பயிற்சியும்

இரண்டு கட்டுப்பாட்டு முறைகள் வழக்கில் உள்ளன. ஐ.எஸ்.ஓ. முறையில் இடக்கைப்பிடி முழுவதும் ஓட்டத்துக்கும் திருப்பத்துக்கும், வலக்கைப்பிடி முழுவதும் பக்கெட்டைத் தாங்கித் தூக்கும் இயந்திரக் கையையும் பக்கெட்டையும் இயக்குவதற்கும் உரியவை. எச் முறையில் இடக்கைப்பிடி இடச்செயினையும் வலக்கைப்பிடி வலச்செயினையும் ஓட்டும். பக்கவாட்டில் அசைத்தால் ஒன்று கையைத் தூக்கும், மற்றொன்று பக்கெட்டைச் சாய்க்கும். புதிய இயந்திரங்களில் ஒரு பொத்தானால் முறையை மாற்றிக்கொள்ள முடிவதால், முந்தைய ஷிப்டில் வேறொருவர் மாற்றி வைத்திருக்கக்கூடும். கைப்பிடியைத் தொடுமுன் எந்த முறையில் இருக்கிறது என்று திரையில் பாருங்கள். எக்ஸ்கவேட்டரிலிருந்து வருபவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே இயந்திரத்தின் மேற்பகுதியை மட்டும் சுழற்றிய அதே இடக்கை அசைவு இங்கே வண்டியையே திருப்பிவிடும்.

இருக்கையில் அமர்ந்து, பெல்ட்டைப் பூட்டி, மடிக்கம்பியை இறக்கிய பிறகே ஹைட்ராலிக் வேலை செய்யும். சோம்பலால் அந்தச் சென்சாரை ஏமாற்றி வைத்திருக்கும் இயந்திரத்தில் அமர மறுத்துவிடுங்கள். மேலிருந்து இறங்கும் கைகளுக்கும் சட்டத்துக்கும் இடையில் சிக்குவதுதான் இந்த வகை இயந்திரங்களில் உயிர் போகும் வழிகளில் மிகக் கொடியது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகக் கருதும் தொழிலாளி, முதலாளியிடம் தெரிவித்தும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால் அந்த இடத்தைவிட்டு விலக உரிமை தருகிறது. கூச்சப்படாமல் அதைப் பயன்படுத்துங்கள்.

முதல் நாள் காலியான பக்கெட்டோடு, முழங்கால் உயரத்துக்கும் கீழே வைத்துக்கொண்டு, அகலமான இடத்தில் ஓட்டிப் பழகுங்கள். இடத்தில் சுழலாமல், முன்னே வந்து, பின்னே எடுத்து, மறுபடி முன்னே என மூன்று அசைவில் திரும்பும் பழக்கம் அன்றைக்கே கைக்கு வர வேண்டும். தார் போட்ட தோட்டச் சாலையிலும் ஆலையின் சிமெண்ட் தளத்திலும் இது இன்னும் முக்கியம். ஈரமண்ணில் ஒரு வாரத்தில் தேயும் அளவு ரப்பர் அங்கே ஒரே நாளில் தேய்ந்துவிடும்.

சரிவில் ஏறும்போதும் இறங்கும்போதும் கனமான பக்கம் எப்போதும் மேட்டை நோக்கியிருக்க வேண்டும். காலியான இயந்திரத்தில் எஞ்சின் இருக்கும் பின்பக்கமே கனமானது, ஆகவே பின்னோக்கி ஏற வேண்டும், முன்னோக்கி இறங்க வேண்டும். நிறைந்த பக்கெட்டோடு இது தலைகீழாகும்: முன்னோக்கி ஏறி, பின்னோக்கி இறங்க வேண்டும். சரிவின் குறுக்கே ஓட்டாதீர்கள். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மூத்தவர், “தம்பி, மேட்டை எப்போதும் பாரத்துக்குக் காட்டு” என்று மட்டும்தான் சொல்வார். மலைத்தோட்டத்தில் அந்த ஒரு வாக்கியம் என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது.

எவ்வளவு தூக்கலாம்

விளம்பரத் தாளில் உள்ள தூக்கும் அளவைப் படிக்கும்போது கவனம் தேவை. இயந்திரத்தை முன்பக்கமாகக் கவிழ்த்துவிடும் பாரமே கவிழும் எடை; செயின் லோடரில் அதன் 35 விழுக்காட்டையும், சக்கர லோடரில் 50 விழுக்காட்டையும் வேலையில் தூக்கக்கூடிய சுமை எனக் கணக்கிடுவது வழக்கம். சில தாள்களில் செயின் லோடருக்கும் இரண்டு எண்களைப் போடுவார்கள். 3,000 கிலோவில் கவிழும் இயந்திரத்துக்கு முதல் கணக்கில் 1,050 கிலோவும் இரண்டாவது கணக்கில் 1,500 கிலோவும் வரும். கரடுமுரடான நிரையில் சின்ன எண்ணையே நம்புங்கள். 50 கிலோ உர மூட்டைகள் இருபது அடுக்கிய பலகை, பலகையின் எடை சேராமலே 1,000 கிலோ. அதை, பக்கெட்டுக்குப் பதிலாக மாட்டும் முள்கரண்டியால் தூக்கும்போது பாரம் பக்கெட்டைவிட முன்னே தள்ளி நிற்பதால், அந்த 1,050-உம் உண்மையில் கிடைக்காது. நான் பத்துப் பதினைந்து மூட்டைகளோடு இரண்டு நடையாகப் போவதையே விரும்புகிறேன்.

கைகள் எழும் விதத்திலும் இரு வகை உண்டு. வளைவாக எழும் கைகள் நடு உயரத்தில் நன்றாக முன்னே நீள்வதால் தோண்டவும் சமப்படுத்தவும் ஏற்றவை; செங்குத்தாக எழும் கைகள் உச்சியில் முன்னே நீள்வதால் லோரியில் ஏற்ற வசதியானவை. 2023-இல் கேட்டர்பில்லர் அறிமுகப்படுத்திய 255, 265 மாடல்கள் இரண்டாவது வகை. லோரியில் அதிகம் ஏற்றும் குத்தகையாளர்கள் அதையே கேட்பது நியாயம்.

பக்கெட்டை மாற்றும்போது

பக்கெட்டையோ வேறு கருவியையோ மாட்டிய பின், இரண்டு பூட்டு ஊசிகளும் கீழ்த்துளையில் வெளிவந்திருப்பதை இறங்கிப் போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். இருக்கையிலிருந்து பொத்தானை அழுத்தியது போதாது. பிறகு பக்கெட்டின் முன்விளிம்பைத் தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தால் பூட்டாதது அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். ஹைட்ராலிக் குழாய்களை இணைக்குமுன் அழுத்தத்தை வெளியேற்றி, முனைகளைத் துணியால் துடையுங்கள். கசிவைத் தேடும்போது விரலைப் பயன்படுத்தவே கூடாது, அட்டைத்துண்டைப் பிடித்துப் பாருங்கள். ஊசி முனைபோல் வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போனால், வெளியே ஒரு புள்ளி மட்டும்தான் தெரியும், ஆனால் அதே மணி நேரத்தில் மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலோ கையோ போய்விடும்.

மரம் அரைக்கும் கருவிபோல அதிக எண்ணெய் ஓட்டம் கேட்கும் கருவியை, சாதாரண ஓட்டமுள்ள இயந்திரத்தில் மாட்டினால் அது மெதுவாகச் சுற்றிச் சூடாவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

புகை வடிகட்டியும் டீசலும்

எஞ்சின் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள மாடல்கள், அவ்வப்போது அந்தக் கரியைச் சுமார் 600 பாகை வெப்பத்தில் எரித்துத் தம்மைச் சுத்தம் செய்துகொள்ளும். திரையில் அதற்கான விளக்கு எரியும்போது காய்ந்த மட்டைக்குவியலின் மேலோ அருகிலோ நிறுத்தாதீர்கள். பாதியில் எஞ்சினை நிறுத்திவிடவும் வேண்டாம். நாள் முழுவதும் வேலையில்லாமல் ஓடவிட்டால் கரி அதிகம் சேரும், வடிகட்டி அடிக்கடி எரிக்க நேரும். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் மானியம் மாற்றப்பட்டு விலை லிட்டருக்கு 3.35 ரிங்கிட்டாக உயர்ந்ததிலிருந்து, வெறுமனே ஓடவிடுவதைக் குத்தகையாளர்களும் கவனிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மாலையில்

செயினின் உள்பக்கத்திலும் ரோலர்களுக்கு இடையிலும் ஒட்டிய களிமண்ணை ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் எடுத்துவிடுங்கள். ஓர் இரவு காய்ந்தால் அது செங்கல்லாகி, மறுநாள் ரோலர் சுழலாமல் செயின் அதன்மேல் வழுக்கி, ரோலரின் ஒரு பக்கம் தட்டையாகத் தேயும். மட்டைத் துண்டுகளும் அங்கே செருகியிருக்கும். அதன் முள் தோல் கையுறையையும் துளைக்கும் என்பதால் கையால் பிடுங்காமல் கம்பியால் தள்ளுங்கள்.

பக்கெட்டைத் தரையில் தட்டையாக இறக்கி, எஞ்சினைச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிட்டு டர்போ குளிர்ந்த பிறகு நிறுத்துங்கள். தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஓரத்திலோ செம்பனைக்கு அடியிலோ நிறுத்தாமல், வெட்டவெளியில், புல் இல்லாத இடத்தில் நிறுத்துவது நல்லது. செம்பனைத் தோட்டத்தில் எலிகள் ஏராளம், அவற்றுக்காகத்தானே தோட்டங்களில் ஆந்தைக்கூடு வைக்கிறார்கள். புதிய இயந்திரத்தில் முன்பைவிட வயர்கள் பல மடங்கு. எலி ஒரே இரவில் எஞ்சினறையில் நார் சேர்த்துக் கூடு கட்டி, சென்சார் வயரைக் கடித்துவிட்டுப் போனால் மறுநாள் இயந்திரம் கிளம்பவே கிளம்பாது. காலையில் சாவியைத் திருப்புமுன் பின்கதவைத் திறந்து பார்க்கச் சொன்னதற்கு ரேடியேட்டரோடு இதுவும் ஒரு காரணம். அன்றைக்குக் கண்ட குறை எதுவாயினும், செயின் தொங்கலின் அளவு உட்பட, தேதியோடு குறிப்பேட்டில் எழுதி மண்டோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.